பாய் கடையில் முதல் தட்டு

இரண்டு கையிலும் இரண்டு தட்டு. வலது கைத் தட்டு ஒரு விரற்கடை முந்திவிடக் கூடாது, இடது கைத் தட்டு பிந்திவிடக் கூடாது. காரைக்குடியில் பாய் கடையின் பின்கட்டில், பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தத் தட்டுகள் சமையற்கட்டிலிருந்து வட்ட மேசைக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்தேன். பரிமாறுகிறவர் தீச்சட்டி எடுத்து வருகிறவரைப் போல அடிமேல் அடி வைத்து வந்தார். தட்டில் இருந்ததோ வெறும் பரோட்டாவும் சால்னாவும்தான். ஆனால் அவற்றில் ஒன்று முன்னதாக மேசையைத் தொட்டிருந்தால் என் அக்கா காலம் முழுக்க எங்கள் வீட்டிலேயே இருந்திருப்பாள். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் கண்ணால் கண்டது.

எங்களுக்குக் கோட்டையூர். அக்காவைக் கண்டரமாணிக்கத்தில் கொடுத்திருந்தது. இரண்டுமே வெள்ளாமை வீடு. இரண்டு வீட்டிலும் நெல்லுக்குக் குறைவில்லை, ரோசத்துக்கும் குறைவில்லை. அத்தான், அதாவது அக்காளின் வீட்டுக்காரர், தங்கமான மனிதர். தங்கத்துக்கு வாய் கிடையாது என்பது ஒன்றுதான் குறை. அவருடைய அப்பாவுக்கோ மகனுக்கும் சேர்த்து வாய் இருந்தது. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். தோளில் எந்நேரமும் அகலக் கரை போட்ட துண்டு. அவர் சாதாரணமாகப் பேசினாலே கம்மாய்க்கு அக்கரையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் அப்பாவும் சளைத்தவர் இல்லை. சம்பந்தம் பேசும்போதே, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீக, எனக்குப் பயமா இருக்கு" என்று அம்மா சொன்னாள். சாதகப் பொருத்தம் பார்த்தார்களே தவிர, அந்தப் பொருத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

அக்காளின் வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். முதல் பந்திக்கு இலை போட்டு, உப்பும் இனிப்பும் வைத்து, சோறு வரப்போகிற நேரம். அப்போது பார்த்து, அப்பா யாருடைய நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்து வந்தாரோ அந்தப் பெரிய வீட்டு முதலாளி வாசலில் காரில் வந்து இறங்கினார். வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்திருந்த மனிதர். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் பந்தியில் ஓர் இலைகூடக் காலி இல்லை. பந்தியின் பின்புறமாக ஓடினார். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் முதுகுதானே. வரிசையின் கடைசியில் இருந்த முதுகை யாரோ உள்ளூர்ப் பங்காளி என்று நினைத்து, தோளைத் தட்டி, "கொஞ்சம் எந்திரிச்சு அடுத்த பந்தியில உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். முதுகு திரும்பியது. அக்காளின் மாமனார். வண்டி மாட்டை நிழலில் கட்டிவிட்டுப் பிந்தி வந்ததால் அவருக்குக் கடைசி இடம் கிடைத்திருக்கிறது. அடையாளமான அந்தத் துண்டையும் கழற்றி மடியில் போட்டிருந்தார்.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக எழுந்தார். முற்றத்துக்கு வந்து, நனையாத கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த வீட்டுல இனிமே எங் கை நனையாது" என்றார். எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூடச் சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் உறவு; நனைக்க மாட்டேன் என்றால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அப்பா பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்திருக்க வேண்டும். முதலாளி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்ததால் அவரை உட்கார வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். உட்கார வைத்துவிட்டு வருவதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாள், சம்பந்தி வழியெல்லாம் என்னென்ன பேசிக்கொண்டு போனார் என்று யாரோ வந்து ஓதினார்கள். அப்பாவுக்கும் ஏறிவிட்டது. "அப்ப அவரு வீட்டுல நானும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். தப்பு செய்தவரும் இவர், வீம்பு பிடித்தவரும் இவர்.

அக்காளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளைக் கூட்டிப்போக மாமனார் வீட்டிலிருந்து வரவேண்டும், அதுதான் முறை. யாரும் வரவில்லை. பேர் வைக்கவும் வரவில்லை. பிள்ளை குப்புற விழுந்தான், தவழ்ந்தான், அவனாக உட்கார்ந்தான், அப்போதும் வரவில்லை. "அவுக வந்து கூப்புடாம எம் மக படியிறங்க மாட்டா" என்று அப்பா. "அவுக கொண்டாந்து விடாம எங்க வீட்டுக் கதவு தெறக்காது" என்று அவர். நடுவில் அக்கா, இடுப்பில் பிள்ளையோடு. அத்தானுக்கு மகனைப் பார்க்க வேறு வழி தெரியவில்லை. ஒரு சதுர்த்தியன்று அம்மா எங்களைப் பிள்ளையார்பட்டிக்கு அனுப்பினாள். கோயில் கூட்டத்தில் அத்தான் நின்றார். தீபாராதனை முடிகிற வரைக்கும் பிள்ளையை வைத்திருந்தார். பிறகு பஸ் வந்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது அக்கா சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போது பள்ளிக்கூடப் படிப்பு முடிந்து தாவணியோடு வீட்டில் இருந்த வயசு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இரண்டு பெரிய மனிதர்களையும் ஒரே கிணற்றில் இறக்கி விட்டு ஏணியை எடுத்திருப்பேன்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. அக்காளின் மாமனார் திருப்பத்தூர்ப் பக்கம் மகனுக்கு வேறு பெண் விசாரிக்கிறார் என்று. அந்தக் காலத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை. அப்படி நடந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அக்கா மட்டும் அழவில்லை. பிள்ளைத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். போட்டதையே எடுத்து மறுபடியும் துவைத்தாள். 

இந்த இடத்தில்தான் அம்மான் வருகிறார். அம்மாவின் தம்பியை அம்மான் என்போம். காரைக்குடியில் ஒரு லாரி ஷெட்டில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் அவருக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. காரணம், அவர் ஓட்டலில் சாப்பிடுகிறவர். இன்றைக்கு அது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். அன்றைக்கு, வீட்டில் உலை கொதிக்கும்போது வெளியே போய்த் தின்கிற ஆம்பிளை, கிட்டத்தட்ட சீட்டாடுகிறவனுக்குச் சமானம். அதிலும் அம்மான் தனியாகத் தின்றாலாவது பரவாயில்லை, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போவார். சினிமா பார்த்துவிட்டு நேரே ஓட்டல். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவையும் என்னையும்கூடச் சில தடவை அப்பாவுக்குத் தெரியாமல் அழைத்துப் போயிருக்கிறார். கல்லுக்கட்டிப் பக்கத்து ஐயர் கிளப்பில் நெய் மணக்கும் ரவா தோசை. அங்கே பரிமாறுகிறவர் மூச்சு விடாமல் பலகாரப் பேரெல்லாம் ஒப்பிப்பார், நாங்கள் வேண்டுமென்றே இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவோம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மிலிட்டரி ஓட்டலில் மத்தியானம் கறிச்சோறு. அங்கே பொம்பிளைகள் போக முடியாது, அதனால் தூக்குச் சட்டியில் வாங்கி வந்து கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலே பாய் கடை. விளக்கு வைக்கிற நேரத்தில் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் தெருமுனைக்கே கேட்கும். அக்கா அங்கே சால்னாவில் ஊறின பரோட்டாவை ஒவ்வொரு இழையாகப் பிரித்து வெகுநேரம் சாப்பிடுவாள். "ஏத்தா, பரோட்டாவப் பின்னல் அவுக்குற மாதிரி அவுக்குறியே" என்று அம்மான் கேலி பண்ணுவார்.

வேறு பெண் பார்க்கிற செய்தி வந்த வாரமே அம்மான் வந்தார். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, "மச்சான், நீங்க அங்க போக மாட்டீக. அவுக இங்க வரமாட்டாக. சரி. பாய் கடையில வச்சுப் பேசுவோம். அது யாரு வீடும் இல்ல. அங்க கை நனைஞ்சாலும் ஒங்க வாக்குக் கெடாது" என்றார். அப்பா மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டல் என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுகிறவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அம்மான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே கண்டரமாணிக்கத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே அவருக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. வாயில்லாத அத்தான் முந்தின நாள்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் அப்பாவிடம் வாயைத் திறந்து, "வேற பொண்ணு பாத்தீகன்னா நான் மலேயாவுக்குக் கப்பலேறிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

அம்மான் இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஐயர் கிளப்பில் இலையைவிட்டு எழுந்திருக்கும் முன்பே அடுத்த ஆள் பின்னால் வந்து நிற்பான்; பின்னால் ஆள் நின்றதில் வந்த வினைதானே இவ்வளவும். மிலிட்டரி ஓட்டலில் நீளப் பெஞ்சு. முதலில் உட்கார்ந்தவர் யார், கடைசியில் யார் என்று பார்த்தவுடன் தெரியும். பாய் கடையின் பின்கட்டில்தான் பினாங்கிலிருந்து கப்பலில் வந்த வட்ட மேசை இருந்தது, மேலே பளிங்குக் கல் பதித்தது. "வட்ட மேசையில தலமாடு ஏது, கால்மாடு ஏது?" என்றார் அம்மான். பக்கத்திலேயே குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகப் பச்சைத் திரை போட்ட சின்ன அறை. கடைக்கு இரண்டு வாசல், தெருவில் ஒன்று, சந்தில் ஒன்று. காசு யார் கொடுப்பது என்று கல்லாப் பக்கம் எந்தப் பேச்சும் எழக் கூடாது என்று முன்கூட்டியே தன் கையிலிருந்து கொடுத்துத் தீர்த்துவிட்டார். பரிமாறுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எதக் கொண்டாந்தாலும் ரெண்டு கையில ரெண்டு. ஒரே நேரத்துல வைக்கணும். ஒண்ணு முந்துச்சு, ஒரு குடும்பம் போச்சு" என்று சொல்லி வைத்தார்.

அந்தச் சாயங்காலம் அக்காவும் நானும் பிள்ளையும் அம்மானோடு முதலிலேயே போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டோம். அப்பா எதிர்த்த டீக்கடையில் நின்றார். தான் முதலில் போய்க் காத்திருக்க மாட்டாராம். சம்பந்தியும் அத்தானும் சந்து முனையில் நின்றார்கள். அவருக்கும் அதே வைராக்கியம். அம்மான் பாவம், இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் ஓடி ஓடி, சட்டை முதுகெல்லாம் வேர்வை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கையைக் காட்டினார். அப்பா தெரு வாசல் வழியாகவும், சம்பந்தி சந்து வாசல் வழியாகவும் நுழைந்து, வட்ட மேசைக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். உட்காரும்போதும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அத்தானும் அம்மானும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். திரையின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மரக்கட்டையாக நிமிர்ந்திருந்தது.

 பரோட்டாக் கல்லின் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அந்த இரண்டு தட்டுகளும் வந்தன. மேசையில் இரண்டும் ஒரே சத்தமாக உட்கார்ந்தன. அம்மான் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அடுத்து சுக்கா வறுவல், அதுவும் இரண்டு கையில் இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து சம்பந்தி, மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க கம்மாய்க்குத் தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார். அப்பா சால்னாக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "பாதிக்குத்தான். ஒங்க பக்கம்?" என்றார். "மடைய அடைச்சு வச்சுருக்கோம்" என்றார் சம்பந்தி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கம்மாய்த் தண்ணீரில் தொடங்கி, விதைநெல்லுக்குப் போய், அங்கிருந்து பிள்ளைக்கு வந்துவிடுவார்கள் என்று மனசுக்குள் வழி போட்டுக்கொண்டிருந்தேன்.

விதைநெல்லுக்கு வந்திருந்தார்கள். அப்போது கடைக்காரப் பாய் வந்தார். அவர் அன்றைக்குத்தான் இளையான்குடியில் ஒரு கல்யாணம் முடிந்து ஊர் திரும்பி, தொழுதுவிட்டுக் கடைக்கு வந்த மனிதர். அம்மான் பண்ணி வைத்த ஏற்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. கோட்டையூர் அண்ணன் வந்திருக்கிறார் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடை தொடங்கின காலத்தில் அப்பா விறகு வண்டி அனுப்பி உதவியதை அவர் மறக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, ஒரு கையில் ஒரே ஒரு தட்டோடு வந்தார். தட்டில் ஈரல் வறுவல். ஓர் ஆட்டுக்கு ஓர் ஈரல்தானே. அதை அப்பாவுக்கு முன்னால் வைத்து, "அண்ணே, ஒங்களுக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னது. ஒரு தட்டுத்தான் தேறுச்சு. மொதல்ல நீங்க சாப்புடுங்க. மத்தவுகளுக்குப் பொறவு பாத்துக்குவோம்" என்றார்.

மத்தவுகளுக்குப் பொறவு. வளைகாப்பன்று அப்பா சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அம்மான் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியின் கை பரோட்டாவில் அப்படியே நின்றது. அப்பா அந்தத் தட்டைத் தள்ளி வைத்திருக்கலாம். எதிர்ப்பக்கம் நகர்த்தினால், எனக்கு வந்ததை உனக்குப் போடுகிறேன் என்று ஆகும். நகர்த்தாவிட்டால் நான்தான் முதல் என்று ஆகும். அவர் எதுவும் செய்யாமல் இருந்தார். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடும் என்று அவருக்குத் தெரியவில்லை. சம்பந்தி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது. அத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து பிள்ளையை யாரோ என் கையில் திணித்தார்கள். திரும்புவதற்குள் அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாமனாருக்கு முன்னால் நின்றுகூடப் பேசாதவள். அம்மானை எழுப்பி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு முன்னால் இருந்த ஈரல் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். எடுத்து வாயில் போட்டு மென்றாள். விழுங்கின பிறகுதான் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"எந்திரிக்காதீக மாமா. இது அப்பாவுக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்ல. பால் குடுக்குறவ நாந்தான். நான் சாப்புட்டாத்தான் ஒங்க பேரனுக்குப் பாலு. மொத எலை யாருக்கு, மொத எலை யாருக்குன்னு ரெண்டு வீட்டுலயும் நிக்கிறீக. வளகாப்புக்கு ஒக்காந்தவ நானு. அன்னைக்கு நான் சாப்புட்டேனா இல்லையான்னு ரெண்டு பேருல ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வண்டி போன பிறகு வீடே அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. கையில் அடுக்கிய வளையலோடு அக்கா கூடத்துத் தூணோரம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. மாசமாக இருந்தவள், கட்டுச்சாதம் ஏழு வகை கிண்டி வைத்திருந்த வீட்டில், அன்றைக்கு வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறாள். இதை அவள் அதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அப்பா மேலும் அவர் மேலும் இருந்த கோபமெல்லாம் போய், அக்கா மேல் ஒரு பயம் வந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா துணி துவைத்துக்கொண்டிருந்தாள் என்று.

அவள் பேசி முடித்துவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. அம்மானுக்கு வந்திருந்த பரோட்டாவைப் பழையபடி இழை இழையாகப் பிரித்து, ஈரலை வைத்துச் சாப்பிட்டாள். பாயோடு சேர்த்து ஐந்து ஆண்பிள்ளைகள் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் தன் தண்ணீர் தம்ளரை அவள் பக்கமாக நகர்த்தினார். நாற்காலியை இழுத்து எழுந்து நின்ற சம்பந்தி, நின்றபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்தார். ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்த பாயைப் பார்த்து, "பாய், அந்தப் புள்ள தட்டுல இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க" என்றார். உடனே அப்பா, "சால்னா சூடா ஊத்தச் சொல்லுங்க" என்றார். "சுக்காவும் கொண்டாங்க" என்றார் அவர். இதிலும் போட்டியா என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீரிட்டு அழுதான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சம்பந்தி தன் பேரனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். இரண்டு கையையும் நீட்டினார். வலது கையெல்லாம் சால்னா. நனைந்த கையை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்கையில் ஏந்தி வாங்கிக்கொண்டார். பிள்ளை அவர் துண்டைப் பிடித்து இழுத்தான். "நாளைக்கு விடியக்காலம் வண்டி வரும். வாசல்ல நிக்கச் சொல்லுங்க, நாங்க உள்ள வரமாட்டோம்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

சொன்னபடி வண்டி வந்தது. சொன்னபடி யாரும் உள்ளே வரவில்லை. அக்கா பிள்ளையோடு ஏறிப் போனாள். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், அந்த இரண்டு பேரையும் உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். வாக்கு வாக்குத்தான். அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை, அப்பா அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அதனால் எங்கள் குடும்பத்தில் நல்லது எது நடந்தாலும் அது பாய் கடையின் வட்ட மேசையில்தான் நடந்தது. பிள்ளைக்குக் காது குத்தினது குலதெய்வக் கோயிலில், விருந்து பாய் கடையில். எனக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சு முடித்த அன்றைக்கும் அங்கேதான். ஊரெல்லாம் ஓட்டலில் சாப்பிடுவதைக் கேவலமாகப் பார்த்த காலத்தில், எங்களுக்கு மட்டும் அது சம்பிரதாயமாகிவிட்டது. கதை முழுக்கத் தெரிந்துகொண்ட பாய், எப்போது போனாலும் ஈரல் தட்டைக் கொண்டுவந்து அக்காளுக்கு முன்னால் வைத்துவிட்டு, "நமக்கெதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எழுபதுகளின் நடுவில் அக்காளின் மாமனார் காலமானார். அப்பா இழவுக்குப் போனார், தோள் கொடுத்தார், தொண்டை வறண்டு ஊர் திரும்பிய பிறகுதான் தண்ணீர் குடித்தார். கருமாதியன்று நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். அத்தான் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "வாங்க மாமா, மொத எலை ஒங்களுக்குத்தான்" என்று கூப்பிட்டார். அப்பா, "இருக்கட்டும் மாப்ள, வந்தவுக சாப்புடட்டும்" என்றார். சாப்பிடாமல் போகப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் போகவில்லை. முதல் பந்தி முழுக்க வரிசைக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாம் பந்திக்கும் நின்றார். வெயில் சாய்ந்தது. கடைசிப் பந்தியில் சமையல்காரர்களும் பந்தல் போட்டவர்களும் உட்கார்ந்தபோது, அப்பா முற்றத்துக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில், ஓர் ஓரமாக உட்கார்ந்தார். அக்கா இலை போட்டாள். "சோறு வையாத்தா" என்றார். கை நனைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் உயிரோடிருந்தவரைக்கும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த ஒரு வாய்ச் சோறுதான். அதைப் பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். வட்ட மேசை எங்கே போனதோ. போன மாதம் அக்காளின் பேரன், குளுகுளு என்று ஏசி போட்ட பீட்ஸா கடைக்கு எங்களைக் கூட்டிப் போனான். அவனும் அவன் பெண்டாட்டியும், மடியில் நாலு மாசக் கைக்குழந்தை. ஒரு பையன் ஒரே கையில் ஒரே தட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்து, யார் முன்னால் என்றெல்லாம் பார்க்காமல் நடுவில் வைத்துவிட்டுப் போனான். நான் சட்டென்று அக்காவைப் பார்த்தேன். வட்டமாகத்தான் இருந்தது அந்தப் பீட்ஸாவும். பேரன் கையை நீட்டினான். அக்கா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு துண்டை எடுத்தாள். இழை இழையாக நீண்ட பாலாடைக்கட்டியைப் பொறுமையாகச் சுற்றி அறுத்து, அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பெண் கூச்சப்பட்டு, "பெரியவுக நீங்க மொதல்ல சாப்புடுங்க அப்பத்தா" என்றது.

"நான் அன்னைக்கே சாப்புட்டுட்டேன். நீ சாப்புடாத்தா" என்றாள் அக்கா.